கல்யாண வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைச் சட்டை

எண்பதுகளின் தொடக்கம். ஒரு தை மாதம். பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அப்போது திருச்சி ஜில்லாவில்தான் இருந்தன. எங்கள் வீடு அரும்பாவூரில். நான் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கான ஆர்டர் வரும் என்று காத்திருந்தேன். ஆர்டருக்கு முன்னால் மாப்பிள்ளை வந்துவிட்டார். கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

எங்கள் அப்பா சின்ன வெங்காயம் வாங்கி விற்கிறவர். அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. யாரோ டாக்டர் ஓட்டி, அவரிடமிருந்து யாரோ வக்கீல் வாங்கி, அப்புறம் எங்கள் கைக்கு வந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு வெங்காய மூட்டை ஏற்றுவார், விசேஷம் என்றால் சீட்டை மாட்டிவிடுவார். எத்தனை முறை கழுவினாலும் வெங்காய வாசம் போகாது. ஆனாலும் அப்பாவுக்கு அந்த வண்டி உயிர். எங்களைக்கூட அவ்வளவு அக்கறையாகக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, பெரம்பலூரில் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்க நானும் அப்பாவும் போனோம். போகிற வழியில் பிரேக்கை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அப்பா வழக்கமான மெக்கானிக் கடையில் நிறுத்தினார். கடை என்றால் மெயின் ரோட்டு ஓரம் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு வேப்பமரம், ஒரு பெஞ்சு. மெக்கானிக்குக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஒல்லியான ஆள். பேச்சு குறைவு. அவருடைய அப்பா அம்மா எல்லாம் ஊரார் காட்டில் களை வெட்டியவர்கள். இவர் மட்டும் திருச்சிக்குப் போய் லாரி ஷெட்டில் தொழில் பழகி வந்து தனியாகக் கடை போட்டிருந்தார்.

பிரேக் பார்க்கப் படுத்தவர், வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் அப்பாவிடம் விரலைக் காட்டினார். விரலில் கறுப்பாகச் சேறு மாதிரி ஒட்டியிருந்தது.

"பிரேக்கு நல்லாருக்குங்க. பூட் ரப்பர்தான் போயிடுச்சு. ரெண்டு பக்கமும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்க்கச் சொல்லிக் காட்டினார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டிக்கு அடியில் ஒரு பல் தண்டு இடமும் வலமுமாக நகர்ந்து முன் சக்கரங்களைத் திருப்புகிறது. அந்தத் தண்டின் இரண்டு முனைகளையும் மூடியபடி, ஆர்மோனியப் பெட்டியின் மடிப்பு மாதிரி, மடிப்பு மடிப்பாக இரண்டு ரப்பர் உறைகள். உள்ளே கெட்டி ஆயில் இருக்கும். ஆயில் வெளியே போகாமலும் தூசி உள்ளே வராமலும் பார்த்துக்கொள்வது இந்த உறைகளின் வேலை. எங்கள் வண்டியில் அவை ஊறிப்போன அப்பளம் மாதிரி கொழகொழவென்று கிழிந்து தொங்கின. ஆயில் எப்போதோ ஒழுகிவிட்டது. காட்டு மண்ணும், அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் போகும்போது விழுந்த வெள்ளைப் புழுதியும் உள்ளே குடிபுகுந்துவிட்டன.

"ரப்பரு தானா கிழியலீங்க. அடியில டீசல் அடிச்சீங்களா?" என்று கேட்டார்.

அப்பா பெருமையாக, "மாசா மாசம் அடிக்கிறேன். துருப் புடிக்கக் கூடாதுல்ல. அந்த ரப்பருக்குத் துணியில தொட்டு தனியாவே தேய்க்கிறேன், நல்லா பளபளன்னு ஆயிடும்" என்றார்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "பளபளன்னுதாங்க ஆகும். அப்பறம் ஊறிக் கிழிஞ்சிடும். தகரத்துக்கு அடிங்க, ரப்பர் கிட்ட டீசலைக் காட்டாதீங்க. தண்ணித் துணி போதும்" என்றார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குத்தான் சிரிப்பு வந்தது. வெண்ணெயில் வளர்த்த பிள்ளைக்கு வெண்ணெயே ஆகவில்லை என்று வைத்தியர் சொன்ன மாதிரி நின்றார்.

கல்யாணம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமா என்று அப்பா இழுத்தார். கல்யாணத்துக்கு இந்த வண்டியில்தான் போகிறீர்களா என்று மெக்கானிக் கேட்டார். ஆமாம், பெண்ணே இதில்தான் போகிறாள், மூன்றாம் நாள் காலை, கல்லங்குறிச்சிக்கு என்றார் அப்பா. மெக்கானிக் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் ஜாக்கியை எடுத்துப் போட்டார். பேச்சு அவ்வளவுதான்.

அவர் வேலை செய்த விதத்தை நான் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு வேலையும் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு ஜோடி புது உறைகளை எடுத்தார். பவுடர் தடவி வைத்திருந்தார். ஒவ்வொரு மடிப்பையும் விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்து, வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார். ஒன்றில் அவருக்குச் சந்தேகம். அதை ஓரமாகப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தார். நான் ரவிக்கைத் துணியைக்கூட அப்படிப் பார்த்து வாங்கியதில்லை.

உறையைக் கழற்ற வேண்டுமானால் சக்கரத்தோடு சேர்கிற முனையைத் திருகிக் கழற்ற வேண்டுமாம். திரும்ப மாட்டும்போது எத்தனை சுற்று கழற்றினாரோ அத்தனை சுற்று சரியாக ஏற்ற வேண்டும். கூடக் குறைய ஆனால் சக்கரம் கோணிக்கொண்டு நிற்கும், டயர் ஒரே மாதத்தில் தேய்ந்துவிடும். அதனால் அவர் ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணினார். இடது பக்கம் பதினாலே கால். மட்கார்டின் மேல் சாக்பீஸால் எழுதினார். வலது பக்கம் பதினைந்து. அதையும் எழுதினார். கால் சுற்றைக்கூட விடவில்லை. உள்ளே இருந்த மண்ணைத் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தார். புது உறையை மாட்டி, கம்பி முறுக்கி இறுக்கி, ஆயில் ஊற்றினார்.

எனக்குப் பொறுமை கிடையாது. இன்றைக்கும் கிடையாது, அன்றைக்குச் சுத்தமாகக் கிடையாது. தையல்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிடுவாரே என்று எனக்குத் தவிப்பு. அவர் வலது பக்கம் மாட்டிக்கொண்டு, "எட்டு... ஒம்போது..." என்று எண்ணும்போது நான் குறுக்கே விழுந்து, "அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம் ஆவும்?" என்று கேட்டுவிட்டேன்.

எண்ணிக்கை விட்டுப்போயிற்று. வேறு ஆளாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பார். இவர் ஏற்றியதை எல்லாம் கழற்றி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். அதற்குப் பிறகாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு நட்டைப் போட்டு முடுக்கி, அதன் குறுக்கே ஒரு சின்னக் கம்பியைச் செருகி இரண்டு காலையும் மடக்குவார். காட்டர் பின் என்று பெயர். கொண்டை ஊசி மாதிரி இருக்கும். இடது பக்கத்துக்கு மடக்கும்போது, "இத்துனூண்டு கம்பி எதுக்குண்ணே?" என்று கேட்டிருந்தேன்.

"இது இல்லன்னா நட்டு கொஞ்சம் கொஞ்சமாக் கழண்டுடும் தங்கச்சி. கழண்டா ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். ஓட்டறவங்க கையில ஒன்னும் இருக்காது."

வலது பக்கத்துப் பின்னைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் உள்ளே படுத்த நேரத்தில், எனக்கு டிக்கியில் இருந்த சேலைப் பை வேண்டியிருந்தது. நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கத் தையல்காரர் அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எங்கள் டிக்கிக் கைப்பிடி சண்டித்தனம் பண்ணும். அப்பா டீக்கடையில். "அண்ணே, கொஞ்சம் வந்து இந்த டிக்கியைத் தொறந்து குடுங்களேன்" என்று கூப்பிட்டேன். அவர் கொறடும் கையுமாக எழுந்து வந்தார். ஓங்கி ஒரு தட்டுத் தட்டித் திறந்து கொடுத்துவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு தையல் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. வண்டியும் நன்றாகத்தான் வீடு வந்து சேர்ந்தது. அப்பா ஒரே விரலில் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டி, "பாரு, வெண்ண மாதிரி இருக்கு" என்றார். அதோடு வண்டியைப் பந்தலுக்கு அடியில் நிறுத்தியாயிற்று.

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். சீர்வரிசைத் தட்டுகளோடு சொந்தக்காரர்கள் ஒரு வாடகை பஸ்ஸில். அம்பாசடரை அப்பா ஓட்டினார். பின் சீட்டில் அம்மாவும் அத்தையும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சகுன இலாகா முழுவதும் அவர் கையில். பின்னால் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும் என்பதால் கல்யாணப் பெண் முன் சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. ஏறும்போதே எனக்கு உத்தரவு: வீட்டு வாசலில் வண்டி ஏறிய பெண், கோயில் வாசலில்தான் காலைக் கீழே வைக்க வேண்டும். நடுவில் இறங்கக் கூடாது.

பெரம்பலூரைத் தாண்டும்போது மெக்கானிக் கடைக்கு முன்னால் ரோட்டு ஓரத்தில் அவர் நிற்பது தெரிந்தது. அழுக்கு பனியனோடு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். "அட, நம்ம மெக்கானிக்கு! பொண்ணை வாழ்த்தறதுக்காக வந்து நிக்கிறான் பாரு" என்று அப்பா நெகிழ்ந்துபோய் இரண்டு முறை ஹாரன் அடித்தார். நானும் வளையல் குலுங்கக் கையை ஆட்டினேன். அவர் இன்னும் பலமாக ஆட்டினார். நாங்களும் இன்னும் பலமாக ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கூச்சமும் வருகிறது.

குன்னத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். சீர் பஸ் பின்தங்கிவிட்டது. சீர் வராமல் பெண் மட்டும் முன்னால் போய் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அத்தை சொன்னார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு வெங்காய லாரி எங்களைத் தாண்டிப் போய்ச் சட்டென்று நின்றது. அதிலிருந்து மெக்கானிக் குதித்தார். இப்போது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தேய்த்து மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. கல்யாண வண்டியின் முன்னால் கிரீஸ் பனியனோடு வந்து நிற்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அந்த அவசரத்திலும் அந்த நினைப்பு.

நேராக அப்பாவிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

"அய்யா, ஒரு நிமிசம் வண்டிக்கு அடியில பாக்கணுங்க. காலைல வேற வண்டிக்கு பின்னு மடக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் உங்க வண்டிக்கு மடக்குனதை நெனச்சுப் பார்த்தேன். இடது பக்கம் மடக்குனது ஞாபகம் வருது. வலது பக்கம் வரமாட்டேங்குது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டியரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று அவர் சொன்னது காதில் ஒலித்தது. வலது பக்கத்துப் பின் கையில் இருக்கும்போது யார் கூப்பிட்டார்கள் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் தெரியும்.

அத்தை கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். "நல்ல காரியத்துக்குப் போற வண்டி. எவனும் அடியில படுக்கக் கூடாது. முகூர்த்தம் முடியட்டும், சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார். அம்மா தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரியலூர் தாண்டிக் கல்லங்குறிச்சி போக வேண்டும். அங்கே மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்கள்.

"பின்னு இருந்தா அஞ்சு நிமிசத்துல அனுப்பிடறேன். இல்லன்னா கையில வேற கொண்டாந்திருக்கேன்" என்று உள்ளங்கையை விரித்தார். புது காட்டர் பின் ஒன்று இருந்தது. "பாக்காம மட்டும் போகாதீங்க. கும்புடறேன்."

அப்பா அத்தையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "பாரு தம்பி" என்றார்.

விரிக்க ஒரு சாக்குகூட இல்லை. குன்னத்துக் கரிசல் மண்ணில், அந்த வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். சக்கரத்தைத் திருப்பினால்தான் அந்த இடம் கண்ணுக்குத் தெரியுமாம். "யாராச்சும் ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசா ஒடிங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்பா ரோட்டில் முழங்கால் போட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே இறங்கவில்லை. சீட்டிலேயே நகர்ந்து, கூறைப் புடவையும் மாலையுமாக ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வலித்து ஒடித்தேன். நிற்கிற வண்டியில் அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அத்தை வெளியே நின்று என்னவோ சொன்னார். என் காதில் விழவில்லை.

உள்ளே அவர் விரலால் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இருக்குங்க" என்றார். "மடக்கித்தான் இருக்கு. ரெண்டு காலும்."

நான் ஸ்டியரிங் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டேன். நெற்றிச்சுட்டி குத்தியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

அவர் வெளியே வந்தார். பயம் போனதும் எல்லோருக்கும் கோபம் வந்தது. "இதுக்கா இந்தப் பாடு? செஞ்ச வேலை ஞாபகம் இல்லாதவன் எதுக்குக் கடை வைக்கணும்?" என்று அத்தை கேட்டார். அப்பாவும், "ஏன் தம்பி, நீ மடக்குனது ஒனக்கே தெரியலியா? எல்லாருக்கும் உசுரு போய் வந்துச்சு" என்றார்.

"கவனம் தப்பிடுச்சுங்க. மன்னிச்சுக்குங்க" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். உங்கள் பெண்தான் இரண்டு தடவை கூப்பிட்டுக் கெடுத்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பெண் அதிகம் பேசக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். மற்ற நாளில் என் வாயை யாரும் மூட முடியாது, அன்றைக்கு மட்டும் அடக்கம் வந்துவிட்டது.

அப்பாவுக்கு அதற்குள் மனசு இளகி, சாப்பிட்டுவிட்டுப் போகலாம், வண்டியில் ஏறு என்றார். "அங்க ஒரு வண்டி சக்கரம் இல்லாம நிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். ஏறும்போது அவர் முதுகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை முழுக்கக் கரிசல் மண் அப்பியிருந்தது. சீர் பஸ்ஸும் வந்து சேர்ந்தது. முகூர்த்தத்துக்கு நேரத்தோடு போய்விட்டோம். கோயில் வாசலில்தான் காலை வைத்தேன், அத்தைக்கும் திருப்தி.

மறுவீட்டுக்கு வரும்போது பெரம்பலூரில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. கொட்டகைக்குள் போய், "அண்ணே, நான் கூப்பிட்டதாலதான உங்களுக்கு ஞாபகம் தப்புச்சு? நான் அன்னிக்கே எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கணும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "கூப்புடறவங்க கூப்புடுவாங்க தங்கச்சி. பின்னு என் கையிலதான இருந்துச்சு" என்றார்.

அதற்கப்புறம் எனக்கு அரியலூர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஒரு மத்தியானம், வார்டிலிருந்து ஒரு பெரியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த கட்டிலுக்கு வந்தேன். அவரிடம் கொடுத்தனுப்பிய மருந்து கவரில் அவருடைய சர்க்கரை மாத்திரையைப் போட்டேனா, பக்கத்துக் கட்டில்காரருடையதைப் போட்டேனா என்று ஒரு சந்தேகம் வந்தது. போட்டது கண்ணில் வரவே இல்லை. அந்த நேரத்தில் யார் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்தான். கூட இருந்த சிஸ்டரிடம் வார்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, யூனிஃபார்மோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவர் ஊருக்குப் போகிற செந்துறை பஸ் கிளம்ப இருந்தது. ஏறி, பெரியவரிடம் கவரை வாங்கி, ஒவ்வொரு அட்டையாகப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "ஏன் சிஸ்டர், குடுத்தது ஒங்களுக்கே தெரியாதா?" என்று அவர் மருமகள் கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. "கவனம் தப்பிடுச்சும்மா, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மனசு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. குன்னத்தில் எங்களிடம் அத்தனை பேச்சும் வாங்கிக்கொண்டு அந்த மெக்கானிக் ஏன் முகம் சுளிக்காமல் பஸ் ஏறினார் என்பது எனக்கு அந்தப் படியில் இறங்கும்போதுதான் புரிந்தது.

இன்றைக்கு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த அம்பாசடரும் இல்லை. ஆனால் எதையாவது செய்து முடித்துவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று மனசின் ஓரத்தில் ஒரு சின்ன உறுத்தல் வந்தால், கரிசல் மண் அப்பிய அந்த வெள்ளைச் சட்டை கண் முன்னால் வந்து நிற்கும், யார் என்ன சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று நானும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.